லாட்ஜில் ஒருவர் ஒரு நாளைக்கு எத்தனை அறை சுத்தம் செய்யலாம்? சட்டத்தில் எங்காவது இருக்கிறதா?

கொருக்குப்பேட்டைக்காரி

என் அம்மா சென்ட்ரல் பக்கம் ஒரு லாட்ஜில் அறை சுத்தம் செய்கிறார். முன்பு மாடிக்கு இரண்டு பேர் இருந்தார்கள். இப்போது மூன்று மாடிக்கும் சேர்த்தே இரண்டு பேர்தான். காலை ரயில்களில் வருகிறவர்களுக்காகப் பதினொரு மணிக்குள் எல்லா அறைகளும் தயாராக வேண்டும். ஓர் அறை என்றால் படுக்கை விரிப்பு, தலையணை உறை, கழிவறை, தரை, குப்பை, முந்தின நாள் ஆட்கள் விட்டுப்போன பாட்டில்கள் வரை எல்லாம் அடக்கம். மேலாளரிடம் கேட்டால், “எட்டு மணி நேர வேலைதானே, சட்டப்படிதான் நடத்துகிறோம்” என்கிறார்.

நேரத்துக்கு வரம்பு இருப்பது எனக்கும் தெரியும். அந்த நேரத்துக்குள் எவ்வளவு வேலை வாங்கலாம் என்பதற்கு வரம்பு உண்டா? அதுதான் கேள்வி.

இன்னொன்றும் இருக்கிறது. சில வாரங்களுக்கு முன்பு அம்மா கழிவறையைக் கழுவிக்கொண்டிருந்தபோது, குடித்திருந்த ஒருவர் அறைக் கதவை உள்பக்கம் தாழிட்டுவிட்டார். அம்மா போட்ட சத்தத்தில் எதிர் அறைக்காரர் ஓடி வந்து கதவைத் தட்டியதால் ஒன்றும் ஆகவில்லை. நிர்வாகம் எடுத்த நடவடிக்கை என்ன தெரியுமா? அம்மாவை வேறு மாடிக்கு மாற்றினார்கள். அந்த ஆள் மறுநாள் காலை வரை அதே அறையில் தங்கி, டிபன் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

இரண்டாம் பந்தி

அக்கா, வரம்பாவது ஒன்றாவது. மண்ணடியில் சப்ளையராக இருக்கிறேன். காலை ஆறு முதல் பதினொன்று, மறுபடி மாலை ஐந்து முதல் கடை மூடும் வரை. நடுவில் மொட்டை மாடியில் படுத்துக் கிடப்பதை ‘ஓய்வு’ என்று கணக்கில் எழுதிவிடுகிறார்கள்.

நெறியாளர்

முதல் பதிவில் இருந்த லாட்ஜின் பெயரை நீக்கியிருக்கிறேன். பெயர் இல்லாமலே பேசுவோம்.

பழைய கோப்பு

மகளே, தொழிலாளர் துறையில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான், பெரம்பூரில் இருக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்.

மேலாளர் சொன்னதில் பாதி சரி. அறை வாடகைக்கு விடும் லாட்ஜ், 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்துக்குள் வரும். ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். நான்கு மணி நேரம் வேலை செய்தால் ஒரு மணி நேர இடைவேளை. இடைவேளையையும் சேர்த்து வேலைநாள் 12 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. வாரத்தில் ஒரு முழு நாள் விடுமுறை. கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி. சாப்பாட்டு ஓட்டல் என்றால் 1958ஆம் ஆண்டின் உணவு நிறுவனங்கள் சட்டம் என்று தனியாக ஒன்று இருக்கிறது. 2025 நவம்பர் 21 அன்று மத்திய அரசின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்து, குறைந்தபட்ச ஊதியச் சட்டம் உட்படப் பல பழைய மத்திய சட்டங்கள் போய்விட்டன. ஆனால் ரத்தான பட்டியலில் நம் மாநிலத்தின் இந்த இரண்டு சட்டங்களும் இல்லை. “எல்லாம் மாறிவிட்டது, பழைய சட்டம் செல்லாது” என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இவ்வளவு இருந்தும் ஒரு நாளைக்கு இத்தனை அறை என்று எந்தப் பிரிவிலும் கிடையாது. எட்டு மணி நேரத்தில் எட்டு அறையும் வாங்கலாம், முப்பது அறையும் வாங்கலாம். கேட்பதற்குச் சட்டத்தில் பிடி இல்லை. உன் கேள்விக்கு நேரான பதில் இதுதான்.

கதவைத் தாழிட்டது முற்றிலும் வேறு விஷயம். அதற்குப் பிடி நன்றாகவே இருக்கிறது. பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19ஆம் பிரிவை யாரையாவது விட்டுப் படிக்கச் சொல். பணியிடத்துக்கு வந்துபோகிற வெளியாட்களிடமிருந்தும் பாதுகாப்புத் தர வேண்டியது முதலாளியின் கடமை. தவறு செய்தவர் வெளியாளாக இருந்தால், பாதிக்கப்பட்ட பெண் விரும்பும்பட்சத்தில் அவர் மீது குற்ற நடவடிக்கை தொடங்கச் செய்வதும் முதலாளியின் கடமைதான். மாடி மாற்றுவது இதில் எங்கே வருகிறது? பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடம் என்றால் உள் புகார்க் குழு இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். குழுவே இல்லை என்றாலும், புகார் முதலாளி மீதே என்றாலும், மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் தர வேண்டும். அந்தக் காலக்கெடுவைக் கோட்டை விட்டுவிடாதே. சட்டவிரோதமாக அடைத்து வைப்பது பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 127ஆம் பிரிவில் தனிக் குற்றம், அதற்குக் காவல் நிலையம் இருக்கிறது.

லாங்பீச் ராயபுரத்தான்

சகோதரி, நான் ராயபுரம் கல்மண்டபத்தில் வளர்ந்தவன். இப்போது கலிபோர்னியாவில் லாங்பீச் என்ற துறைமுக நகரத்தில் ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசையில் வேலை. நீங்கள் கேட்ட இரண்டுக்குமே இங்கே நகர அளவில் சட்டம் இருக்கிறது.

2018 நவம்பரில் லாங்பீச் மக்கள் நேரடியாக வாக்களித்துக் கொண்டுவந்த சட்டம் இது. அறை சுத்தம் செய்பவரை எட்டு மணி நேர வேலைநாளில் 4,000 சதுர அடிக்கு மேல் சுத்தம் செய்யச் சொல்லக்கூடாது. மீறினால் அதிகப்படி அறைகளுக்கு மட்டுமல்ல, அன்றைய நாள் முழுவதற்குமே இரட்டிப்புச் சம்பளம். பக்கத்து லாஸ் ஏஞ்சல்ஸ் 2022இல் இதை இன்னும் இறுக்கியது. 45 முதல் 59 அறை வரை உள்ள ஹோட்டலில் 4,000 சதுர அடி, 60 அறையும் அதற்கு மேலும் என்றால் 3,500. எண்ணிக்கையை விட்டுவிட்டுப் பரப்பளவை ஏன் பிடித்தார்கள் என்றால், எண்ணிக்கை வைத்தால் பெரிய பெரிய அறைகளாக ஒருவர் தலையில் கட்டிவிட முடியும்.

தனியாக அறைக்குள் போகிற ஒவ்வொருவருக்கும் உடலோடு வைத்துக்கொள்ளும் அவசரப் பொத்தான் தர வேண்டும். அழுத்தினால் எந்த இடத்தில் இருக்கிறார் என்று தெரிந்து ஆள் வர வேண்டும். ஆபத்து என்று தோன்றினால் வேலையை அப்படியே போட்டுவிட்டு வெளியேறலாம், அதற்காகத் தண்டிக்கக்கூடாது. போலீசிடம் போக வேண்டும் என்றால் சம்பளத்தோடு நேரம் தர வேண்டும்.

இங்கே பாலும் தேனும் ஓடுகிறது என்று நினைத்துவிட வேண்டாம். சியாட்டில் நகரத்தில் 2016இல் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய இதே போன்ற சட்டத்தை, ஒரே வாக்கெடுப்பில் பல விஷயங்களைத் திணித்துவிட்டார்கள் என்று சொல்லி 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லாது என்றது. 2019இல் நகர மன்றம் அதையே நான்கு தனிச் சட்டங்களாகப் பிரித்து மறுபடி கொண்டுவந்தது. லாஸ் ஏஞ்சல்சில் 2028 ஒலிம்பிக்குக்குள் ஹோட்டல் ஊழியர் கூலியை மணிக்கு 30 டாலர் ஆக்குவது என்று 2025இல் நிறைவேற்றிய சட்டத்துக்கும் முதலாளிகள் கடுமையாக மல்லுக்கட்டினார்கள்.

கல்லாப்பெட்டி

டாலர் கணக்கைத் தண்டையார்பேட்டையில் வந்து ஒப்பிக்காதீர்கள் ஐயா. ஏழு பேரை வைத்து மெஸ் நடத்துகிறேன். வாசலில் ‘ஆள் தேவை’ பலகையை நான் கழற்றியதே இல்லை. பரோட்டா மாஸ்டர் கேட்கிற சம்பளத்தை என் பி.காம். படித்த மருமகன் வாங்கவில்லை. அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு பொங்கலுக்கு ஊருக்குப் போனவர் சித்திரையில்தான் போனை எடுக்கிறார். சிலிண்டர், வாடகை, மின்சாரம், ஆன்லைன் ஆர்டர் நிறுவனம் எடுத்துக்கொள்ளும் கமிஷன், எல்லாம் போக மிஞ்சுவது என்ன என்று யாராவது கேட்டிருக்கிறீர்களா? சதுர அடிக் கணக்கு என்றால் நாளைக்கு இட்லிக்கும் கணக்குக் கேட்பீர்கள்.

இரண்டாம் பந்தி

இட்லிக்குக் கேட்கவில்லை அண்ணா, கிளாசுக்குத்தான் கேட்கிறேன். ஒரு டீ கிளாஸ் உடைந்தால் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். வாடிக்கையாளர் கை தட்டி உடைந்தாலும் பிடிக்கிறார்கள். பில் கொடுக்காமல் நழுவிப் போகிறவர் சாப்பிட்டதும் அந்த மேசை சப்ளையர் கணக்கில்தான். மாதக் கடைசியில் கையில் வருவது எவ்வளவு என்று எங்களுக்கே தெரியாது.

பழைய கோப்பு

தம்பி சொன்னதற்குப் பதில். ஊதியத் தொகுப்புச் சட்டம் 2019. அபராதம் என்றால் அந்த மாத ஊதியத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, அதுவும் ஊழியரின் விளக்கத்தைக் கேட்ட பிறகுதான். நஷ்டத்துக்குப் பிடிப்பது என்றால் அந்தப் பொருள் அவர் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும், நஷ்டம் அவருடைய கவனக்குறைவால் வந்திருக்க வேண்டும். வாடிக்கையாளர் உடைத்த கிளாசும், பில் கட்டாமல் போனவன் தின்ற பிரியாணியும் இதில் எப்படிச் சேரும்? எல்லாப் பிடித்தமும் சேர்த்து ஊதியத்தில் பாதிக்கு மேல் போகக்கூடாது. மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள். வேலையை விட்டால் இரண்டு வேலை நாளில் கணக்குத் தீர்க்க வேண்டும். சம்பளச் சீட்டு கொடுத்தே ஆக வேண்டும்.

முக்கியமானது ஒன்று. சம்பளம் வரவில்லை என்று நீங்கள் மனுக் கொடுத்தால், கொடுத்தேன் என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. மூன்று வருடம் வரை பின்னோக்கிக் கேட்கலாம். ஆனால் அங்கே வேலை செய்ததற்கே அடையாளம் இல்லை என்றால் வழக்கு வாசலிலேயே நின்றுவிடும். என் மேசைக்கு வந்த ஓட்டல் மனுக்களில் பெரும்பாலானவை நின்றது அங்கேதான். வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்காது. பத்து வருடம் பரிமாறியவர் “நேற்றுதான் வந்தார் சார்” ஆகிவிடுவார். அதனால் வங்கிக் கணக்கில் சம்பளம் போடச் சொல்லுங்கள், மாட்டேன் என்றால் பணி நேரம் ஒட்டியிருக்கும் தாளையாவது செல்போனில் படம் பிடித்து வையுங்கள். புதிய தொகுப்பில் பணி நியமனக் கடிதம் கட்டாயம். கேளுங்கள்.

இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். ஆய்வாளருக்கு இப்போது ‘ஆய்வாளர் மற்றும் வசதியாளர்’ என்று பெயர். பல வகைத் தவறுகளில், முதல் தடவை தவறு செய்தவரிடம், திருத்திக்கொள்ளுங்கள் என்று எழுத்தில் அவகாசம் கொடுத்த பிறகுதான் வழக்கே தொடுக்க முடியும். யாருக்கு வசதி என்று நான் சொல்லப்போவதில்லை.

எண்ணெய்ச்சட்டி

கல்லாப்பெட்டி அண்ணன் கடையில் ஏழு பேர், அதனால் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு இல்லை, சரி. பத்து பேர் இருந்தால் உண்டு. 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவருக்கு ஊழியர் பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். இதைத் தவிர்க்கவே எங்கள் பழைய கடையில் பதினெட்டுப் பேரில் ஒன்பது பேரைத்தான் கணக்கில் காட்டினார்கள்.

நான் வடை மாஸ்டர். கொதிக்கிற எண்ணெய் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கொட்டியது. “வீட்டில் நடந்தது என்று சொல், செலவை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றார் முதலாளி. பக்கத்துக் கடை மாஸ்டர், வயதானவர், அப்படிச் சொன்னால் ஒன்றும் கிடைக்காது என்று தடுத்துவிட்டார். பணியில் நடந்த காயத்துக்கு, வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு ஊதியத்தில் 90 சதவீதம் தருகிறார்கள். முதல் நாளே வேலைக்குச் சேர்ந்தவருக்கும் உண்டு. முதலாளி சந்தா கட்டவில்லை என்பதற்காக நம் உரிமை போகாது, அதை அவரிடம் வசூலிப்பது அவர்கள் வேலை. அயனாவரம் இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் நன்றாகவே பார்த்தார்கள். பத்து இலக்கக் காப்பீட்டு எண் உங்களுக்கு இருக்கிறதா என்று இன்றே கேளுங்கள். அடுப்பு நமக்காகக் காத்திருக்காது.

ஒரு வேடிக்கை. உணவைத் தொடுகிறவர் ஆண்டுக்கு ஒரு முறை மருத்துவப் பரிசோதனை செய்து, டைபாய்டு தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு விதி சொல்கிறது. அந்தச் சான்றிதழை மட்டும் எல்லாக் கடையிலும் சரியாகக் கோப்பில் வைத்திருக்கிறார்கள். எங்கள் கிருமி வாடிக்கையாளருக்குப் போகக்கூடாதாம். அடுப்பின் சூடு எங்களுக்கு வருவதைப் பற்றிக் கோப்பு ஏதும் இல்லை.

மாட வீதி

திருவொற்றியூரிலிருந்து எழுதுகிறேன். சட்டம் சட்டமாக அலசிவிட்டு நம் ஊரை விட்டுவிட்டீர்கள். லாங்பீச் நண்பர் சொல்வது நகரச் சட்டம். நம் மாநகராட்சியால் அப்படி ஒன்றைப் போட முடியுமா? முடியாது. தொழிலாளர் நலன் அரசியல் சாசனத்தின் பொதுப் பட்டியலில் இருக்கிறது, மத்திய அரசும் மாநில அரசும்தான் சட்டம் இயற்றலாம். ரிப்பன் மாளிகையில் தீர்மானம் போட்டால் அது தீர்மானமாகத்தான் இருக்கும்.

ஆனால் தொழில் உரிமம் கொடுப்பது மாநகராட்சி. நியூயார்க் நகரம் 2024இல் செய்தது என்ன? ஹோட்டல் நடத்த நகர உரிமம் வேண்டும் என்று சட்டம் போட்டு, அவசரப் பொத்தானை உரிமத்தோடு கட்டிப்போட்டது. 100 அறையோ அதற்கு மேலோ உள்ள ஹோட்டல்களில் அறை சுத்தம் போன்ற முக்கிய வேலைகளுக்கு ஏஜென்சி ஆள் கூடாது, நேரடியாகத்தான் நியமிக்க வேண்டும் என்றும் சேர்த்தது. உரிமம் போனால் கதவை மூட வேண்டியதுதான். நம் ஊரிலும் அந்தக் கதவைத் தட்டிப் பார்க்கலாம்.

பழைய கோப்பு

அந்தக் கதவைத் தட்டினால் நீதிமன்றத்தில் திறக்கும், மாட வீதியாரே. உரிம நிபந்தனை சுகாதாரம், பொதுப் பாதுகாப்பு இவற்றைத் தாண்டி வேலைப்பளுவுக்குப் போனால், மாநகராட்சிக்கு அந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது என்று முதல் வாய்தாவிலேயே கேட்பார்கள். அவசரப் பொத்தானை ஒருவேளை பாதுகாப்பில் சேர்க்கலாம். சதுர அடியைச் சேர்க்க முடியாது.

மாநில அரசு வழி எளிது. வேலை நேரத்தில் உட்காரும் உரிமை எப்படி வந்தது? கேரளத்தில் ஜவுளிக்கடைப் பெண்கள் போராடி 2018இல் பெற்றார்கள். அதைப் பார்த்துத் தமிழ்நாடு 2021இல் கடைகள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு சிறிய பிரிவைச் சேர்த்தது. புதிய சட்டம் எழுதவில்லை, இருக்கிற சட்டத்தில் நான்கு வரி. அறைக் கணக்குக்கும் அதே மாதிரி இன்னொரு நான்கு வரி போதும். அந்த 22-ஏ உன் அம்மாவுக்கும் பொருந்தும், மகளே. லாட்ஜில் அவர் உட்கார ஒரு ஸ்டூல் இருக்கிறதா?

சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். எங்கள் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்கள் 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கியபோது முன்வைத்த ஆரம்பக் கோரிக்கைகளில் ஒன்று, மதிய உணவு இடைவேளையை 30 நிமிடத்திலிருந்து 40 நிமிடமாக்குவது. பத்து நிமிடம் கேட்டுத் தொடங்கிய சங்கம் அது.

கல்லாப்பெட்டி

கேரளம், நியூயார்க், வெள்ளைக்காரன் ஆலை, எல்லாம் சொல்லியாகிவிட்டது. லாஸ் ஏஞ்சல்ஸ் சட்டமே 45 அறையில்தான் தொடங்குகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பெரிய இடத்தில் தொடங்குங்கள், நான் தடுக்கவில்லை. எங்களைப் போன்ற ஏழு பேர் கடைக்கும் அதே தாள், அதே பதிவேடு என்று வந்தால் கடையைப் பூட்டிவிட்டுச் சாவியை உங்களிடம்தான் தருவேன்.

லாங்பீச் ராயபுரத்தான்

அண்ணன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வால்டாக்ஸ் சாலை, பெரியமேடு பக்கத்து லாட்ஜ்களில் பல 30 அறைக்குள்தான் இருக்கும். 45 என்று கோடு போட்டால் சகோதரியின் அம்மா வெளியே நிற்பார். நம் ஊருக்கு அறை எண்ணிக்கைக் கோடு சரிவராது, பத்து ஊழியர் என்ற கோடு ஏற்கெனவே இ.எஸ்.ஐ.க்கும் புகார்க் குழுவுக்கும் இருக்கிறது, அதையே வைக்கலாம்.

வியாசர்பாடி 39

ஒடிசா, பீகார் தம்பிகளைப் பற்றி யாரும் பேசவில்லை. பாத்திரம் கழுவுகிற இடத்தில் இப்போது அவர்கள்தான். அட்வான்ஸைக் காட்டி ஆதார் அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு போகவிடாமல் நிறுத்தினால் அது 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வரை போகும். ‘ஊருக்கு ஓடிவிடுவான்’ என்பது சட்டத்தில் விலக்கு இல்லை. கல்லாப்பெட்டி அண்ணனைச் சொல்லவில்லை.

கல்லாப்பெட்டி

என்னைத்தான் சொல்கிறீர்கள். என்னிடம் யார் ஆதாரும் இல்லை.

கொருக்குப்பேட்டைக்காரி

எல்லோருக்கும் நன்றி. முழுவதையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். சதுர அடி என்றதும் சிரித்தார். “அறையை யார் அளப்பது? நான் துடைத்துக்கொண்டே அளக்கவா?” என்றார். அவர் கேட்பது வேறு. ஆள் தங்கியிருக்கும் அறைக்கு இரண்டு பேராகப் போகவிட வேண்டும், சுத்தம் செய்யும்போது வண்டியை வாசலில் குறுக்கே நிறுத்திக் கதவைத் திறந்தே வைக்க அனுமதிக்க வேண்டும். இப்போது வராந்தா அசிங்கமாகத் தெரிகிறது என்று வண்டியை உள்ளே தள்ளச் சொல்கிறார்களாம். ஸ்டூல் இல்லை. லினன் மூட்டை மேல்தான் உட்காருவாராம்.

விசாரித்ததில் சமையற்கட்டு, வரவேற்பு, காவல் எல்லாம் சேர்த்துப் பத்துக்கு மேல் ஆள் இருக்கிறார்கள். புகார்க் குழு உறுப்பினர் பெயர்ப் பலகை எங்கும் இல்லை. அம்மா எழுத்தில் கொடுக்கச் சம்மதித்துவிட்டார், வேலை போகுமோ என்ற பயம் மட்டும் இருக்கிறது.

பழைய கோப்பு

ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கான சம்பளமோ இல்லாமல் நீக்க முடியாது, கடைகள் சட்டம் 41ஆம் பிரிவு. நீக்கினால் அதன் மேல் முறையீடு உண்டு. இலவச சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணை அழைக்கலாம், பெண்கள் என்றால் வருமான வரம்பு பார்க்கமாட்டார்கள்.

மனுவில் தேதி, நேரம், அறை எண், எதிர் அறைக்காரர் வந்தது, மேலாளரிடம் சொன்ன நாள் இவற்றை எழுது. அந்த வாடிக்கையாளரின் விவரம் தங்குவோர் பதிவேட்டில் இருக்கும், அதைப் பாதுகாத்து வைக்கும்படி நிர்வாகத்துக்கு உத்தரவிடக் கேள். இல்லையென்றால் அந்தப் பக்கம் காணாமல் போய்விடும். குழுவே இல்லை என்பதைத் தனிப் பத்தியாக எழுது. மாவட்ட உள்ளூர்க் குழுவுக்கு என்று முகவரியிட்டு ராஜாஜி சாலை ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்காமல் வராதே. அந்தக் கட்டடத்துக்குச் சிங்காரவேலர் மாளிகை என்று பெயர். 1923இல் இதே சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியவர். அவர் பெயர் போட்ட வாசலில் தொழிலாளி மனுவைத் திருப்பி அனுப்பினால் எனக்குத் தகவல் சொல், நானே வருகிறேன்.

மாட வீதி

வண்டியை வாசலில் நிறுத்தும் விஷயத்தையும் அதே மனுவில் கோரிக்கையாகச் சேருங்கள். செலவே இல்லாத பாதுகாப்பு அது, மறுக்க அவர்களுக்குக் காரணம் கிடைக்காது.

கல்லாப்பெட்டி

தமிழில் சம்பளச் சீட்டு மாதிரி யாரிடமாவது இருந்தால் இங்கே போடுங்கள். ஆடிட்டர் கேட்கிறார், வேறொன்றும் இல்லை.

இரண்டாம் பந்தி

போடுகிறேன் அண்ணா. ‘உடைந்த கிளாஸ்’ என்ற பத்தி இல்லாத மாதிரிதான் என்னிடம் இருக்கிறது, பரவாயில்லையா?